பலகை நிற்காத வீடு

ஹாலம்-சான் என்னைப் பார்த்ததும் முதலில் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வாசலில் இருக்கும் செருப்பு அலமாரியின் மேல் கவிழ்த்து வைப்பார். பிறகுதான் என் கையிலிருக்கும் பலகையை இரண்டு கைகளாலும் வாங்குவார். பதினான்கு வருடம் இதைப் பார்த்தேன். நான் பேசும்போது எழுத மாட்டேன் என்று காட்டும் மரியாதையாக்கும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தெருவின் அறிவிப்புகள் அந்தப் பலகையில்தான் வரும். குப்பை எடுக்கும் நாள், நிலநடுக்கப் பயிற்சி, யார் வீட்டில் சாவு எல்லாம் அதில் செருகியிருக்கும். படித்துவிட்டு முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வீடுகள். என் வீட்டுக்கு அடுத்தது அவருடையது. எங்கள் ஜப்பானியப் பேச்சு அவருக்கு நன்றாக வரும், எழுத்து பாதிதான் வரும். அதனால் நின்று படித்துக் காட்டுவேன். நானும் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள்.

"ஃபுசாயே-சான், இது என்ன எழுத்து?"

"எனக்கும் தெரியல. முத்திரையக் குத்திடுங்க."

குத்துவார், எப்போதும் சாய்வாக.

டெரன்ஸ் ஹாலம் கியோட்டோவுக்கு வந்தது இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க. தங்கியது கதை எழுத. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவரைப் போலவே இங்கிலீஷில் எழுதும் நாலைந்து பேர் அவர் வீட்டில் கூடுவார்கள். ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். என் சமையலறை வரை குரல் வரும். மொழி புரியாது. ஆனால் படித்து முடித்ததும் ஒரு அமைதி வரும். அது நீண்டால் கதை சரியில்லை என்று நானாகக் கண்டுகொண்டேன். ஹாலம்-சான் படித்த நாட்களில் அது நீளமாகவே இருந்தது.

அவர் எழுதியதெல்லாம் தன் ஊர்ச் செங்கல் சூளைகளைப் பற்றி. லண்டன் பதிப்பகங்கள் வேண்டாம் என்றன.

"ஜப்பான்ல உக்காந்துகிட்டு எதுக்குச் சூளையப் பத்தி எழுதறீங்கன்னு கேக்கறாங்க," என்றார் ஒருநாள். "அங்க உள்ளவங்களுக்கு நான் போனவன். இங்க உள்ளவங்களுக்கு நான் வந்தவன்."

"அப்ப இங்கத்துக் கதைய எழுதுங்களேன்," என்றேன். சொன்னது நான்தான்.

அடுத்த மழைக்காலத்தில், நிலநடுக்கப் பயிற்சிக்காக வீட்டில் எத்தனை பேர் என்று எழுதச் சொல்லிப் பலகையில் ஒரு தாள் வந்தது. நான் இரண்டு என்று எழுதியிருந்தேன்.

"உங்க ஒருத்தரத்தானே பாத்திருக்கேன்?" என்றார்.

தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை. அவர் கேட்டார். நோட்டு கவிழ்ந்து கிடந்தது. நான் சொன்னேன். என் தம்பி ஷூஜி பன்னிரண்டு வருடமாக மாடி அறையை விட்டு இறங்கவில்லை. நான் சலவைக்கடையில் இஸ்திரி போட்டுவிட்டு வந்து அவன் கதவருகே சோற்றுத் தட்டை வைப்பேன். காலித் தட்டோடு ஒரு சீட்டு வரும். 'உப்பு குறைவு.' 'இன்று மீன் நன்றாக இருந்தது.' எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது அந்தச் சீட்டு மட்டும்தான்.

விடைபெற்று இறங்கியபின் குடையை மறந்தது நினைவு வந்து திரும்பினேன். செருப்பு அலமாரியின் மேல் குனிந்து அவர் எழுதிக்கொண்டிருந்தார். குடையை எடுக்காமலே வந்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்துப் புத்தகம் வந்தது. லண்டனில் பேர் வாங்கியதாம். இங்கே ஒரு பேராசிரியர் எங்கள் மொழியில் பெயர்த்தார். ஹாலம்-சான் அதைத் துணியில் சுற்றி, ஒரு பெட்டி இனிப்போடு கொண்டுவந்து கொடுத்தார். கடையில் சாப்பாட்டு நேரத்தில் பதினோரு நாள் படித்தேன். கடைசிக் கதையில் இஸ்திரி போடும் அக்கா, மாடியில் தம்பி, தட்டு, சீட்டு, மீன். முடிவில், இறந்தவர்களை வழியனுப்ப மலையில் நெருப்பால் எழுத்து ஏற்றும் நாளில் தம்பி படியிறங்கி வந்து அக்கா பக்கத்தில் நிற்கிறான். இஸ்திரிப் பலகையில் தலை வைத்து அழுதேன். அந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹாலம்-சானுக்கு அடுத்த வீட்டு நிஷிவாக்கி அம்மாள் நூலகத்தில் அதைப் படித்துவிட்டு என் வாசலுக்கு வந்தாள். அவளுக்குத் தாழ்ந்த குரல் கிடையாது. நேர் மேலே ஷூஜியின் ஜன்னல்.

"ஃபுசாயே, நம்ம தெரு லண்டன் வரைக்கும் போயிடுச்சு போ. கதையில உன் தம்பி இறங்கி வந்துட்டானாமே? இங்க எப்ப வர்றான்?"

"மெதுவா பேசுங்கம்மா."

"இனிமே மெதுவா பேசி என்ன? அச்சுலயே வந்தாச்சு."

அன்று தட்டில் வந்த சீட்டு: 'நீ சொன்னாயா?'

மறுநாள் தட்டில் 'ஆமாம்' என்று எழுதி வைத்தேன். சோறு தீர்ந்திருந்தது. சீட்டு இல்லை. அதன்பின் வரவே இல்லை.

பலகையோடு ஹாலம்-சான் வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல நோட்டைக் கவிழ்த்தார்.

"அத எடுத்துப் பையிலயே வச்சுக்குங்க," என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "பேரெல்லாம் மாத்திட்டேனே, ஃபுசாயே-சான்."

"மீன மாத்தலையே."

"உங்க தம்பிக்கு நல்ல முடிவுதானே குடுத்தேன்?"

"அவன் கேட்டானா? உங்களுக்குத்தான் ஒரு முடிவு வேண்டியிருந்தது."

அவர் தலைகுனிந்து நெடுநேரம் நின்றார், எங்கள் ஆட்கள் நிற்பதைப் போலவே. நன்றாகக் கற்றிருந்தார். நான் படித்துக் காட்டவில்லை. சாய்வாக முத்திரை குத்திக் கொடுத்தார்.

அடுத்த முறை பலகையோடு அவர் வாசலைத் தாண்டி நடந்தேன். நிஷிவாக்கி அம்மாள் வாங்கிக்கொண்டு, அவர் முத்திரையில்லாத கட்டத்தைப் பார்த்தாள். அதற்கு அடுத்த கட்டத்தில் தன் முத்திரையைக் குத்தினாள். தெருத் தலைவரும் ஏனென்று கேட்கவில்லை. குப்பை நாள் மாறியது அவருக்குத் தெரியாமல், அவர் குப்பைப் பை மட்டும், இன்று எடுப்பதில்லை என்ற சிவப்புச் சீட்டு ஒட்டி வாசலில் கிடந்தது. அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டிருப்பார். வந்து கேட்கவில்லை.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இப்போதும் நடக்கிறது. அவர் படித்தால் உடனே கை தட்டுகிறார்கள். பலகை பதினோரு வீட்டுக்குப் போகிறது. நான் தினமும் மாடிக்குத் தட்டு கொண்டுபோகிறேன். காலியாகத் திரும்பி வருகிறது.