கர்லாவும் சரளாவும்

விடியற்காலையில் எழுந்து உடற்பயிற்சி செய்யுங்கள் என்று வைத்தியர் சொல்லும்போதெல்லாம் நான் அவரை ஒரு தினுசாகப் பார்க்கிறேன். தொப்பையைப் பற்றிப் பேசியதால் வந்த கோபம் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். கோபம் இல்லை, சந்தேகம். எங்கள் வீட்டில் இருட்டோடு எழுந்தவர்களை அப்படித்தான் பார்ப்போம். மாமாவால் வந்த பழக்கம் அது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அம்மாவிடமே வளர்ந்தவர். தென்காசியில் எங்கள் தெருவுக்காகச் சடுகுடுவில் பாடிப் போகிறவர். முந்தின வருஷம் கீழப்பாவூர்க்காரர்களோடு ஆடும்போது, கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் மூச்சு அறுந்து பிடிபட்டார். அந்த அவமானத்தில், குற்றாலம் போகிற ரோட்டில் இருந்த தேகப்பயிற்சிக் கொட்டகையில் சேர்ந்து, காக்காய் கத்துமுன் எழுந்து போக ஆரம்பித்தார்.

"வெறும் வயித்துல, வெயில் வாறதுக்கு முந்திச் செஞ்சாத்தாங்க்கா மூச்சு நீளும். நல்லாப் பசிக்கும். பகல் பூரா ஒடம்பு சொன்ன பேச்சு கேக்கும்" என்பார்.

பசித்தது உண்மை. ஊறவைத்த கடலை போன வேகத்தில் அதை எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மற்றதை அம்மா நம்பவில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டிய தம்பி, தானாக எழுந்து, தலைவாரிக்கொண்டு இருட்டில் புறப்பட்டால் எந்த அக்காதான் நம்புவாள்?

அந்தச் சமயத்தில்தான் ஆலங்குளத்தில் மாமாவுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். மாமாவின் சம்மதத்தைக் கேட்டார்களா என்று தெரியவில்லை. கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

ஒரு நாள் மாமா கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சாரல்ல எங்கலே போற?" என்றாள் அம்மா.

வாய் நிறைய உமிக்கரியோடு மாமா, "கர்லா சுத்த" என்றார். கர்லா என்பது அடி பெருத்த மரக்கட்டை. கைப்பிடியைப் பிடித்துத் தலையைச் சுற்றிச் சுழற்றுவார்கள். அம்மாவுக்கு அது தெரியாது. அவள் காதில் விழுந்தது, "சரளா சுத்த."

"யாருலே அந்தச் சரளா?"

மாமா வாயைக் கொப்பளித்தார். உமிக்கரி எல்லாம் போன பிறகும் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "ஆலங்குளத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சா என்னக்கா செய்வாங்க?" என்று கேட்டார்.

"செருப்பால அடிப்பாங்க. கல்யாணம் நின்னு போவும்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். பயந்த மனுஷன் தெருமுனைவரை விசிலடித்துக்கொண்டு போனதுதான் கொஞ்சம் இடித்தது.

அம்மா விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்கார அம்மாளிடம் மட்டும், சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். அந்த அம்மாளும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அடுத்தவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பஸ்ஸேறின. அந்த வாரமே பெண்ணின் தகப்பனார் நனைந்த குடையோடு முதல் பஸ்ஸில் வந்து நின்றார்.

"அந்தச் சரளா வீடு எங்கன இருக்கு தங்கச்சி?"

அம்மா அழுதுவிட்டாள். "அவன் கொட்டகைக்குத்தான் போறேங்கான் அண்ணாச்சி. நீங்களே போய்ப் பாத்துருங்க" என்று வழிகாட்ட என்னை அனுப்பினாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். குடும்ப கௌரவத்துக்காகவெல்லாம் கலைகிற தூக்கம் அல்ல அது.

கொட்டகையில் மாமா கர்லாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கீழே வைத்தார்.

"சரளா எங்க மாப்ள?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

பயிற்சி சொல்லித்தரும் வஸ்தாது பாய் வந்தார். "என்ன அண்ணாச்சி விஷயம்?"

"இவரு யாரோ சரளாவச் சுத்துதாராமே, பாய்."

பாய் ஒரு கணம் விழித்தார். பிறகு தாடி குலுங்கச் சிரித்தார். "சரளா இல்ல அண்ணாச்சி, கர்லா! இந்தா கெடக்கா பாருங்க. சித்திரையிலேருந்து ஒங்க மாப்ள இவளத்தான் சுத்துதாரு. தூக்கிப் பாக்கியளா?"

பெண்ணின் தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். கட்டை முழங்கால்வரை வந்தது, அதற்குமேல் வர மறுத்தது.

"யாத்தே! இவளையே தாங்குதவரு எம் மவளத் தாங்க மாட்டாரா? ஆவணி வரைக்கும் எதுக்குப் பாய்? ஊர்வாய் சும்மா இருக்காது. ஆடி பொறக்கதுக்குள்ள முடிச்சிருவோம்."

கொட்டகையே சிரித்தது. மாமா மட்டும் வஸ்தாதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கர்லாவை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். பெண்ணின் தகப்பனார் விடைபெற்றுப் போன பிறகும் சுற்றினார். "போதும்லே, தோள்பட்ட எறங்கிரும்" என்று வஸ்தாது கத்தினார். மாமா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கல்யாணம் கூடிவந்த சந்தோஷத்தில் ஒரு மனிதனுக்கு இத்தனை பலம் வருமா என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.