மத்தியானம் வரை ஓர் ஏலத்தோட்டம்

என் மடியில் ஓர் அலுமினியத் தூக்குவாளி இருந்தது. அது என்னுடையதல்ல. எதிரே முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், ஜீப் கிளம்பியதும் அதை என் மடியில் வைத்து, "கெட்டியாப் புடிச்சுக்கய்யா, வளைவுல சாஞ்சுரும்" என்று சொல்லிவிட்டார். அனுமதி கேட்கிற வழக்கமெல்லாம் அந்த ஜீப்பில் கிடையாது. கம்பத்திலிருந்து கம்பம் மெட்டுக்கு ஏறும் மலைப்பாதை. ஒன்பது பேர் உட்காரும் வண்டியில் பதினேழு பேர். பொறியியல் மாணவன் என்ற நிலையிலிருந்து தாங்குபலகை என்ற நிலைக்கு நான் வந்து சேர்ந்திருந்தேன். நான்கு வருடப் படிப்பில் யாருக்காவது உருப்படியாகப் பயன்பட்டேன் என்றால் அந்த ஒரு மணி நேரம்தான்.

அந்த அம்மாள் என் அறைத்தோழனின் அம்மா. வண்டியில் இருந்த பதினேழு பேரில் பதினைந்து பேருக்கு அது தெரியும். தெரியாத இரண்டு பேரில் ஒருவன் நான். இன்னொருவன் எங்களோடு படித்த கரூர்க்காரன், அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் சென்னையிலிருந்து தேனிக்குப் படிக்கப் போனவன். பள்ளத்தாக்கின் அழகில் மயங்கிப் போனேன் என்று எழுத ஆசைதான். என் மதிப்பெண்களுக்கு அதைவிடப் பக்கத்தில் எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்கவில்லை என்பதே உண்மை. விடுதியில் முதல் நாள், கோம்பையிலிருந்து வந்திருந்த அறைத்தோழனிடம் நானாகவே முந்திக்கொண்டு, "எங்கப்பா மேனேஜர்" என்றேன். அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ரயிலில் வரும்போதே அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டிருந்தேன். "உங்க வீட்ல?" என்று கேட்டேன். அவன் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டே, நிமிராமல், "மலைமேல ஏலத்தோட்டம் இருக்கு. அப்பா இல்ல. அம்மாதான் பாத்துக்கிறாக" என்றான். இரண்டு பொய்கள் ஒரே நிமிடத்தில் ஒரே அறையில் குடியேறின. முதலில் வந்தது என்னுடையது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஊர் சுற்றுவதில் நாங்கள் மூவரும் படிப்பில் காட்டாத ஒழுங்கைக் காட்டினோம். ஞாயிறு என்றால் ஏதாவதொரு பேருந்து. சுருளி அருவியில், 'பட்டணத்தானுக்கு அருவி ஒன்றும் புதிதல்ல' என்ற பாவனையில் நேராக நடுவில் போய் நின்றேன். தண்ணீர் என் தலையில் அடித்த அடியில் கண்ணாடி எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. அடுத்த இரண்டு வாரம் வகுப்பில் கரும்பலகையை நம்பிக்கையின் அடிப்படையில்தான் பார்த்தேன். திராட்சைப் பந்தலுக்குள் முதன்முதலாகக் குனிந்து நுழைந்தது நினைவிருக்கிறது. ஆறடிக்கு மேல் வளர்ந்த கரூர்க்காரன் இடுப்பை ஒடித்துக்கொண்டே கால் ஏக்கரைக் கடந்தான். தலைக்கு மேலே பார்த்த இடமெல்லாம் குலை. கையை உயர்த்த வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் போதும். காவலுக்கு இருந்தவர், "தின்னுங்க, மருந்து அடிச்சு மூணு நாளுதான் ஆச்சு" என்று அன்போடு சொன்னபோது நான் ஏற்கெனவே ஒரு கிலோ முடித்திருந்தேன். அன்று பேருந்தில் என் வயிற்றைப் பிடித்துவிட்டபடியே வந்தவன் அறைத்தோழன்தான்.

எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போவான். தன் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் கூட்டிப் போக மாட்டான். வீட்டுக்கு ஏன் வரக்கூடாது என்றால், "நாய் இருக்கு மாப்ள. கோம்பை நாய். வெளியாளப் பாத்தா கடிச்சுக் குதறிரும்." கோம்பை நாயின் பெயர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம் என்பதால் நாங்கள் மறுபேச்சுப் பேசவில்லை. இல்லாத ஒரு நாய்க்கு மூன்று வருடம் பயந்தோம். தோட்டத்துக்கு ஏன் போகக்கூடாது என்பதற்குக் காரணங்கள் பருவத்துக்கேற்ப மாறும். மழைக்காலத்தில் அட்டை, வெயில்காலத்தில் யானை, இரண்டும் இல்லாத காலத்தில் மண்சரிவு.

மூன்றாம் வருடம் தேக்கடியில் படகு விட முடிவானது. விடியும் முன்பே கம்பத்தில் போய் இறங்கினோம். குமுளிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. டீக்கடை முன்னால் ஒரு ஜீப் நின்றது. உள்ளே தலையில் துண்டு கட்டி, சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை மாட்டிய பெண்கள். நான் ஓட்டுநரிடம், "கேரளா போகுமா?" என்றேன். "பின்ன காசிக்கா போகுது? ஏறு" என்றார். நானும் கரூர்க்காரனும் ஏறிக்கொண்டோம். மலையில் ஒரு வழக்கம் உண்டு: காலை ஜீப்பில் ஏறியவன் ஏலக்காய் எடுக்க வந்தவன், அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. பள்ளத்தாக்கில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த இது எனக்குத் தெரியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு அறைத்தோழன் ஓடிவந்தான். "டேய், எறங்குடா, இது வேலைக்குப் போற வண்டிடா" என்று கத்திக்கொண்டே என் சட்டையைப் பிடித்து இழுத்தவன், உள்ளே பார்த்தான். கையை விட்டான். பிறகு பின்படியில் ஏறி, வெளியே பார்த்தபடி தொற்றிக்கொண்டான்.

அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் வாயாடிப் பெண் ஒருவர் இருந்தார். அவர்களின் எதிர்வீட்டுக்காரர் என்று பின்னால் தெரிந்தது. "ஏலே, நீயி..." என்று படியைப் பார்த்து ஆரம்பித்தவர், "ஆத்தா!" என்று துள்ளி அடங்கினார். அம்மாள் அவர் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். இடநெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே பனி விலகாத ஏலக்காட்டில் ஜீப் நின்றது. முன்னிருக்கையிலிருந்து இறங்கிய கங்காணி எங்களைத் தலையெண்ணினார். நாங்கள் படகு விடப் போக வேண்டியவர்கள் என்று விளக்கினேன். "போட்டிங்கா? நல்லது. வண்டி சாயங்காலந்தான் கெளம்பும். அதுவரைக்கும் காய் எடு. இல்லையா, அங்கன போயி அட்டையோட பேசிக்கிட்டு இரு" என்று இடுப்பில் கட்டும் பையை நீட்டினார்.

ஏலக்காய் மரத்தில் காய்ப்பதாக அதுவரை நம்பியிருந்தேன். அது செடியின் தூரில், மண்ணோடு மண்ணாக ஓடும் சரத்தில் காய்க்கிறது. குத்துக்காலிட்டு, இலையை விலக்கி, விளைந்ததை மட்டும் விரலால் கிள்ள வேண்டும். விளைந்தது எது, பிஞ்சு எது என்று அந்த அம்மாள் இரண்டு முறை காட்டினார். இரண்டு முறையும் தலையாட்டினேன். அது வகுப்பில் பழகிய தலையாட்டல். கரூர்க்காரன் ஒரு மேட்டில் படுத்துத் தூக்கத்தைத் தொடர்ந்தான். அறைத்தோழன் தள்ளியிருந்த ஒரு பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

"அந்தத் தம்பி ஏன் ஒதுங்கியே கெடக்கு?" என்று அம்மாள் கேட்டார்.

வேறு யாராவது அந்தக் கேள்வியோடு நிறுத்தியிருப்பார்கள். வேறு யாராவது ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருப்பார்கள். எங்கள் இருவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. விடுதியில் சோறு எப்படி, அந்தத் தம்பி ஒழுங்காகச் சாப்பிடுமா, குளிருக்குப் போர்வை இருக்கா என்று அவர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். கேட்பவர் கிடைத்தால் என் வாய் எனக்குச் சொந்தமில்லை. "போன மாசம் நாலு நாள் காய்ச்சல்ல படுத்திருந்தான்மா. வீட்டுக்கு போன் பண்றேன்னா, வேணவே வேணாம்னுட்டான்" என்றேன். அவர் கை சரத்தில் அப்படியே நின்றது. "யாரு பாத்துக்கிட்டா?" என்றார். "நாங்கதான். நான் கஞ்சி வச்சேன்." அவர் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். உற்சாகமாகிவிட்டேன். போன பருவத்தில் அவனுக்கு இரண்டு தாள்கள் போய்விட்டதையும், அதை வீட்டில் மறைத்திருப்பதையும் சொன்னேன். எனக்குப் போன நான்கைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"வீட்ல வையமாட்டாகளா?"

"பெரிய இடம்மா. அவங்களுக்கே இந்த மாதிரி ஏலத்தோட்டம் இருக்கு. அவங்கம்மா மேல வந்து நின்னு ஆளுங்கள வேலை வாங்குவாங்களாம்."

அடுத்த செடியில் வாயாடிப் பெண் தன் தலைத்துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். அம்மாள் சிரிக்கவில்லை. கிள்ளிய காயைப் பையில் போட்டார். "அப்படியா? குடுத்து வச்ச பொம்பளதான்" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கங்காணி பைகளைச் சாக்கில் கொட்டிப் பார்த்தார். என் பையில் முக்கால்வாசி பிஞ்சு. உலர்த்தினால் தோல்கூட மிஞ்சாது என்று இப்போது தெரியும். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஓர் ஆளாகவே அவர் கணக்கில் எடுக்கவில்லை. அம்மாளிடம் திரும்பினார். "இந்த நெரைக்கு நீதான மூத்த ஆளு? கதை கேக்கவா ஒன்னய ஏத்திக்கிட்டு வந்தேன்? நாளையிலருந்து ஒனக்கு வண்டி கெடையாது. வீட்லயே ஒக்காந்து கதை கேளு." அந்தப் பருவத்தில் வேறு வேலை கிடையாது என்பது சுற்றி நின்றவர்களின் முகத்தில் தெரிந்தது. அம்மாள் தலையைக் குனிந்து, சாக்கிலிருந்த பிஞ்சுகளைப் பொறுக்கி ஒதுக்க ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தேன். காலையிலிருந்து மூடாத வாயிலிருந்து, தேவைப்பட்டபோது காற்றுதான் வந்தது.

பாறையிலிருந்து இறங்கி வந்தவனைக் கடைசியில்தான் கவனித்தேன்.

"எங்கம்மாவ ஏன் வையிறீக?" என்றான் அறைத்தோழன். "பிஞ்சப் பறிச்சது இவன். இவனக் கூட்டிக்கிட்டு வந்தது நான். வையிறதுன்னா எங்கள வையிங்க."

கங்காணி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கம்மாவா? காலையிலருந்து யாரோ மாதிரி ஒக்காந்திருந்தியே. சரி, யாரோதான் போலன்னு நானும் வஞ்சுட்டேன்" என்றார். அடுத்த நிரைக்கு நடந்தவர், பத்தடி போய், "காலையில லேட்டா வராத" என்று அம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"அப்பாடி! விடியக்காலத்துலருந்து எனக்குத் தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி இருந்துச்சு" என்றார் வாயாடிப் பெண். யாரும் சிரிக்கவில்லை. அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அம்மாள் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கட்டிப் பிடித்துக்கொள்வார்கள், நாம் அந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தயாரானேன்.

"ரெண்டு பேப்பருல போயிருச்சாமே?" என்றார் அம்மா.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.

தூக்குவாளியில் ஓர் ஆளுக்கான புளிச்சோறும் கருவாடும் இருந்தன. மூடியிலும் இலையிலும் எனக்கும் கரூர்க்காரனுக்கும் போட்டார். மற்ற பெண்களும் ஆளுக்கொரு கை எடுத்து வைத்தார்கள். மகனுக்கு மட்டும் தனியாகப் போடவில்லை. "இங்கன வாடா" என்று தன் பங்கிலேயே கைவைக்கச் சொன்னார். இருவரும் ஒரே வாளியில் தலை குனிந்து சாப்பிட்டார்கள். "காச்சல்னா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" என்று அவர் கேட்டதும், அவன் கருவாட்டின் பெரிய துண்டை அவர் பக்கம் தள்ளியதும் என் காதிலும் கண்ணிலும் விழுந்தன. சாயங்காலம் இறங்கும்போது என் மனசாட்சி விழித்துக்கொண்டது. "எங்கப்பா மேனேஜர் இல்லடா, கிளார்க்கு" என்று நண்பர்கள் இருவரிடமும் ஒப்புக்கொண்டேன். "அது மொத வருஷமே தெரியும். உனக்கு மணியார்டர் வர்ற லட்சணத்துலயே தெரியும்" என்றான் கரூர்க்காரன். அன்றைக்கு அவன் விழித்திருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

தேக்கடியில் படகு விட்டேனா என்று கேட்டால், இல்லை. இன்றுவரை இல்லை.

போன மாதம் தேனிக்குப் போயிருந்தேன். அறைத்தோழன் இப்போது கட்டடப் பொறியாளர், மகள் நிச்சயதார்த்தம். எனக்குத் தொப்பை, அவனுக்கு வழுக்கை, கரூர்க்காரனுக்கு இரண்டும். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவன் தன் அம்மாவைக் காட்டி, "எங்கம்மா. ஏலக்காட்டுல காய் எடுத்துத்தான் என்னையப் படிக்க வச்சாக" என்றான். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னான். புகைப்படக்காரரிடம் சொன்னான். சமையல்காரரிடம் சொல்லப் போனவனை அம்மாவே கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏலே, போதும்டா. தம்பட்டம் அடிக்காத."

சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுபதைத் தாண்டியவர். விரல் நுனிகளில் ஏலக்காய்க் கறை எதுவும் இப்போது இல்லை. ஆனால் பேசும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ கிள்ளிக்கொண்டே இருந்தன. அன்று அப்படி உளறியதற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. முப்பது வருடத் தாமதத்தோடு கேட்டேன்.

"அட போய்யா" என்றார். "அவன் மொகத்தப் பாத்ததுமே பிள்ள என்னமோ சொல்லி வச்சிருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. நாம வாயத் தொறந்து கெடுத்துறக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா ஒண்ணுய்யா. நீ சொல்லச் சொல்ல, அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒரு தோட்டம் இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு." மகன் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "எத்தன ஏக்கர்னு சொன்னான்?"

அவன் சொன்னதே இல்லை. மேடையருகே அவன் யாரோ ஒருவரைப் பிடித்து நிறுத்தி, அம்மா இருந்த பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தான். நான் பழைய பழக்கத்தில், கொஞ்சமும் கூசாமல், "இருபது ஏக்கர்மா" என்றேன்.

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு கவலை வந்தது.

"இருபதா? அம்புட்டுக்கும் காய் எடுக்க எங்கனய்யா ஆளு கெடைக்கும்?" என்றார்.