ஆடுபுலி கற்றுக்கொடுத்த ஓட்டல்காரர்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலேயே பெரிய டீக்கடை வைத்திருந்தவன் நான். பொய்ங்க. ஒரு ஸ்டவ், ஒரு பெஞ்சு, மேலே கோணி, அவ்வளவுதான்.

பெரிய கடை எதிரில் இருந்த ஓட்டல்காரருடையது. ஒல்லியான ஆள், எப்போதும் சலவைச் சட்டை. மத்தியானம் என் பெஞ்சில் வந்து உட்காருவார். டீயில் விரலை நனைத்து, பெஞ்சு மேலேயே ஆடுபுலிக் கட்டம் போடுவார். வியாபாரமும் இதேதான் என்பார்.

"உன் காயையே பாக்காதப்பா. எதிராளி என்ன பண்ணுவான், எவ்ளோ தாங்குவான், அதப் பாரு."

பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காத எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியே பாடம் நடத்துகிறாரே!

"நான் டீ விலையக் கொறச்சா நீ என்ன பண்ணுவ?" என்று ஒருநாள் கேட்டார்.

"நானும் கொறைப்பேங்க."

"எதுவரைக்கும் தாங்குவ?"

"கார்த்திகை தீபம் வரைக்கும் தாங்கும். அப்புறம் பொண்டாட்டி காதுத் தோட்டைத்தான் விக்கணும்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தீபாவளி முடிந்ததும் அவர் கடையில் டீ பாதி விலை. நானும் குறைத்தேன். தீபம் முடிந்தது, தோடு போனது, அவர் விலையை ஏற்றவேயில்லை. கடையைப் பிரித்த அன்று அவரிடம் போய் நின்றேன்.

"இப்டிப் பண்ணிட்டீங்களே?"

"தீபம் வரைக்கும்தான்னு நீதானப்பா சொன்ன? நான் பொங்கல் வரைக்கும் தாங்குற மாதிரி எறங்குனேன். நாளைலருந்து இங்க வந்து கிளாஸ் கழுவு."

கோபம் வரவில்லை. நல்ல வாத்தியார்தான் என்றே தோன்றியது. ஆனால் ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. முதல் நாள் கட்டம் போட்டபோதே அவர்...

"டேய், அங்க என்னாடா கதை? டேபிள் தொடைக்க வாடா!"

தோ, வந்துட்டேன் மொதலாளி.