மேலிலைக் காரம்

சுருட்டை உடனே பற்ற வைக்கமாட்டார் யாகப்பன். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அதை இடுக்கி எடுத்து, கீழுதட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒருமுறை மெதுவாக இழுப்பார். கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பார். பிறகு, "ம்... சுறுக்குங்குது" என்பார். அதற்கப்புறம்தான் ஞானமேரி அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்து வருவாள்.

கடத்தூருக்கு மேற்கே, சொந்தக் காட்டின் ஓரமாக ஒரு தனிக் கொட்டாயில் கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் அவருடைய தம்பிகளின் ஓட்டு வீடு. கூப்பிட்டால் யாரும் வருவதில்லை. நான் தொழுநோய்ப் பணியாளன். அறுபத்தேழாம் வருஷத்திலிருந்து புதன்கிழமைதோறும் சைக்கிளில் இந்தப் பக்கம் வந்து மாத்திரை கொடுக்கிறேன். முதல் நாள் கட்டிலில் உட்காரப் போனவனைத் தடுத்து, "கட்டில் வேணாங்க சார், அது என்னுது. அந்தக் கல்லு மேல குந்துங்க" என்றார்.

நோய்க்கு முன்னால் பதினெட்டு வருஷம் சுருட்டுக் கம்பெனியில் வேலை. சுருட்டுக்குள்ளே சருகையும் தூளையும் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். வெளியே தோல்போலச் சுற்றி வருகிற மேலிலைக்குத்தான் ஆள் பார்த்து அமர்த்துவார்கள். அந்த வேலை யாகப்பனுடையது. "உள்ள இருக்கறது பொகைக்குங்க. மேல இருக்கறதுதான் ருசிக்கு. வாயில படறது அதுதான?" என்பார். உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த இலையைத் தொட்டதும் ஒதுக்கிவிடுவாராம். "மெல்லறதுக்கு ஆவும். சுருட்டுக்கு ஆவாது. நின்னு எரியாதுங்க."

ஒருநாள் அவர் சுற்றி அடுக்கிய முப்பது சுருட்டுகளில் சிவப்பாகக் கறை இருந்தது. முதலாளி காட்டிய பிறகுதான் தன் விரல் கத்தியில் ஆழமாக வெட்டுப்பட்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. வலியே இல்லை. மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் விரல்கள் ஒவ்வொன்றாகப் போயின. அதில் ஒன்றைப் பற்றி அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். "சுருட்டுப் புடிச்சிட்டு குந்தியிருந்தேன். வாசம் வந்துச்சு. 'ஏம் புள்ள, இன்னிக்குக் கறியா?'ன்னு இவளைக் கேட்டேன். பாத்தா எம் வெரலு."

அதற்கப்புறம் ஞானமேரி மூங்கில் சிம்பைப் பிளந்து ஒரு கவ்வி செய்து கொடுத்திருக்கிறாள். சுருட்டை அதில் செருகித்தான் பிடிக்கிறார். சுற்றுவதும் அவள்தான். இலையின் நடு நரம்பைக் கிழிப்பது, ஈரத்துணியில் பொதிந்து வைப்பது, கஞ்சி தடவி ஒட்டுவது எல்லாவற்றையும் கட்டிலில் இருந்தபடியே வாயால் சொல்லிக் கொடுத்தார். சந்தையில் இலை வாங்கும்போது ஒரு துணுக்கைக் கடித்துப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். ஒருமுறை சப்பென்ற இலையைச் சுற்றி எடுத்து வந்தபோது, "இது வைக்கோலு" என்று சுருட்டைத் தூக்கி எறிந்துவிட்டார்.

கண்ணைக் கட்டி, கோழி இறகாலும் ஊசியாலும் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கையிலும் காலிலும் பார்க்க விடுவார். முகத்துக்கு விடமாட்டார். "அதுக்கு உங்க றெக்கை வேணாங்க. ஒதட்டுல இலை சுறுக்குங்கற வரைக்கும் மூஞ்சிக்கு வரலைன்னுதான அர்த்தம்?"

முகத்தில்தான் எல்லாம் இருந்தது. ஞானமேரியின் அண்ணன் சவுரியப்பன் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து ஒருமுறை வந்து, கொட்டாய்க்குள் நுழையாமல் வரப்பிலேயே நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். "மூஞ்சிக்கு வராத வரைக்கும் இருந்துக்க. வந்துச்சுன்னா உன்னைக் கேக்கமாட்டேன். இழுத்துக்கிட்டுப் போயிருவேன்."

போன வருஷம் பருவம் தப்பிப் பெய்த மழையில், காயப்போட்டிருந்த புகையிலை எல்லாம் நனைந்து வெளுத்தது. சந்தையில் வேறு இலை இல்லை. திட்டு வாங்கத் தயாராகத்தான் ஞானமேரி அதைச் சுற்றிக் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த புதன்கிழமை, ரோட்டோரப் புளியமரத்தடியில் நான் மாத்திரை எண்ணிக் கொண்டிருந்தபோது தனியாக வந்தாள்.

"அந்த இலையில ஒண்ணுமே இல்லீங்க சார். நான் கடிச்சுப் பாத்தேன். அதை ஒதட்டுல இழுத்துட்டு, 'இன்னிக்கு நல்லா சுறுக்குங்குது புள்ள, யார்கிட்ட வாங்கின?'ன்னு கேக்கறாரு."

எண்ணிய மாத்திரைகளை மறுபடி டப்பாவில் போட்டேன்.

"எங்க அண்ணங்காதுக்கு மட்டும் போவக்கூடாதுங்க" என்றாள். "நாக்கும் போயிருமா சார்?"

பெரும்பாலும் போகாது, நாக்கு தப்பித்துவிடும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அப்போதே நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வாரம் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். கடைசியில் போனபோது யாகப்பன் கட்டிலில் இருந்தார். முகத்தைப் பார்க்கவேண்டும் என்றதும் ஏனோ அன்று மறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"உதட்டைத் தொடுகிறேன் அண்ணே. பட்டால் சொல்லுங்கள்."

"படுதுங்க."

இறகு இன்னும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கண் திறந்தவர் என் வெறும் கைகளைப் பார்த்தார்.

"மூணு மாசமாவுதுங்க" என்றார். "அவளுக்குத் தெரியவேணாம்."

"உங்கள் வீட்டம்மாதான் வந்து சொன்னார்கள்."

தம்பிகளின் வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரிஞ்சுமா? மூணு வாரமா எங்கெங்கியோ நடந்து நல்ல இலையாப் பாத்துக் கொண்டாறேன்னு சொன்னாளே... தெரிஞ்சுதான் சுத்திக் குடுத்தாளா?"

ஞானமேரி வாசலிலேயே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. உள்ளே போய், ஈரத்துணிப் பொதியைப் பிரித்து ஓர் இலையை எடுத்து வந்தாள். கருஞ்சிவப்பு நிறம், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கிள்ளினாள்.

"வாயத் தொறங்க."

"கிட்ட வராத." தனித்தட்டு, தனிக்குவளை என்று எட்டு வருஷமாகத் தன்னை ஒதுக்கி வைத்துக்கொண்டிருப்பவர். அவள் கை தன் வாய்ப் பக்கம் வர ஒருநாளும் விட்டதில்லை.

"தொறங்கன்னா."

திறந்தார். அவள் அந்தத் துணுக்கை அவர் நாக்கில் வைத்தாள். அவர் கண்கள் மூடிக்கொண்டன. முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு தொண்டை அசைந்தது. மூடிய இமையோரம் நீர் துளிர்த்தது.

"மொளவு" என்றார். "முன்னாடி மொளவுதான் வருது. இரு... இப்பச் சுக்கு. தொண்டைக்குப் போவுது. பொறத்தால ஒரு இனிப்பு வருது பாரு, பாகு அடிப்புடிச்சாப்ல. நெழல்ல காஞ்ச இலை புள்ள இது. வெயில்ல போட்டிருந்தா இந்த இனிப்பு வராது..."

அவர் பேசப் பேச, வலது கடைவாயிலிருந்து பழுப்பாய்ச் சாறு வழிந்து தாடைக்கு இறங்கியது. அவருக்கு அது தெரியவில்லை. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். ஞானமேரி முந்தானை நுனியை எடுத்து, அவர் கண் திறப்பதற்குள் அதைத் துடைத்துவிட்டாள்.