டேஷ்போர்டு எலுமிச்சை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசையாக வாங்கி, தர்மபுரிக்கு வெளியே ஒரு மைதானத்தில் நடந்த ஆட்டோகிராஸ் போட்டிக்குப் போனேன். பிளாஸ்டிக் கூம்புகள் வைத்து வளைவு நெளிவாகப் பாதை போட்டு, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். எனக்கு அதுதான் முதல் போட்டி.

வண்டியைச் சோதிக்க வந்தவர், "உள்ள லூசா எந்தப் பொருளும் இருக்கக் கூடாதுங்க" என்றார். ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கினேன். என் மனைவி சுமதி கோயிலில் பூஜை செய்து டேஷ்போர்டில் வைத்த எலுமிச்சம்பழத்தை மட்டும் தொடவில்லை. சாமி பழத்தைப் பொருளென்று யார் நினைப்பார்கள்? சோதித்தவரும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதியிலேயே நின்றுவிட்டது. பிரேக் போய்விட்டதா, வேறு பெடலை மிதிக்கிறேனா, ஒன்றும் புரியவில்லை. கார் கூம்புகளைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் நின்ற பக்கம் பாய்ந்தது. பயத்தில் ஓங்கி மிதித்தேன். காலடியில் ஏதோ நசுங்கியது, கார் நின்றது. உள்ளே ஒரே எலுமிச்சை வாசனை.

கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுமதி ஓடிவந்தாள். பெடலுக்கு அடியில் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வர இருந்தத இது வாங்கிக்கிச்சுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வந்ததே அதனால்தானே என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பழம் என்னைக் காப்பாற்றியதா, கவிழ்க்கப் பார்த்ததா என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் இப்போதெல்லாம் சுமதி தரும் எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.