ஆறாவது பாட்டு

இருபது வருடம் பாடாமலிருந்த ஒரு ராக் பாடகரின் புது ஆல்பம் வந்த சமயம். மட்டாஞ்சேரி சாயாக்கடையில் நானும் இரண்டு நண்பர்களும் தினமும் அதைப் பற்றிச் சண்டை போட்டோம். குரல் போய்விட்டது என்பது என் கட்சி. பக்கத்து மேஜையில் துப்புரவுப் பணியாளர் சீருடையில் ஒருவர் இருப்பார். நரைத்த முடியை ரப்பர் பேண்டில் கட்டியிருப்பார். விரலால் மேஜையில் தாளம் தட்டிக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்பார்.

ஒருநாள் நண்பர்கள் போனதும் என்னிடம் வந்து மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"தம்பி, ஆறாவது பாட்டு கேட்டீங்களா?"

"இல்லண்ணே. மூணோட நிறுத்திட்டேன்."

"அப்ப ரெண்டு பேரும் ஒண்ணிச்சு கேக்கலாமா? இவரோட பழைய பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டுல நான் மட்டுந்தான். நல்லா இருக்குன்னு சொல்லக்கூட ஆளில்ல, கேட்டோ."

இயர்ஃபோனின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். பாட்டில் குரல் இரண்டு இடங்களில் உடைந்தது. இரண்டு முறையும் அவர் என் முகத்தையே பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குண்ணே" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அவர் பக்கத்து மேஜையில் இருக்கும்போதே நண்பர்கள் ஆல்பத்தைப் பற்றிக் கேட்க, "ஆறாவதும் வேஸ்ட்" என்று சொல்லிவிட்டேன். அவர் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகு அந்தக் கடைக்கு வரவே இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அந்தப் பாட்டு எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது.