ஒரு சோடிச் சப்பாத்தில் இரண்டு பாய்ச்சல்காரிகள்

சனிக்கிழமை காலை 7.50. வெளியே குளிர் மறை பதினான்கு பாகை. வெக்ஸ்போர்டில் அக்கா வீட்டு வாசலடியில் நின்று, இரண்டு சோடிக் காலுறைக்கு மேல் சப்பாத்தை ஏற்றப் போராடிக்கொண்டிருந்தேன். கொக்குவிலிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. நீர்வீழ்ச்சி பார்த்தாயிற்று. கோபுரத்தில் ஏறி இறங்கியாயிற்று. லோரன்ஸ் வீதித் தமிழ்க் கடைகள் எல்லாவற்றிலும் முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டு, வாங்காமல் திரும்பியும் ஆயிற்று. ஊருக்குப் போய்ச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லையே என்று இருந்தபோதுதான் அக்காவின் மகள், என் பெறாமகள் தாரணி கேட்டாள்:

"சித்தி, சற்றடே என்ரை மீட். வாறீங்களோ?"

மீட் என்றால் ஓட்டமும் பாய்ச்சலுமான மெய்வல்லுநர் போட்டி. ஒன்ராறியோவின் சிறிய கல்லூரிகள் சில சேர்ந்து வருடாவருடம் ஒரு சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடுகின்றன. பெரிய பல்கலைக்கழகங்களின் போட்டியைப் போலத் தொலைக்காட்சியில் வராது, பத்திரிகையிலும் வராது. தாரணியின் கல்லூரிக் குழுவில் மொத்தம் ஒன்பது பேர். அவளுடைய போட்டி நீளம் பாய்தல். முதல் வருடம் மூன்றாமிடம், பிறகு இரண்டு வருடமும் இரண்டாமிடம். அந்த இரண்டு வருடமும் அவளை வென்றவள் சட்பரிப் பக்கத்திலிருந்து வரும் கெய்லா என்ற ஒரே பெண். இது நான்காவது வருடம். ஏப்ரலில் தாரணியின் எக்ஸ்ரே படிப்பு முடிகிறது.

"இதோடை சரி, சித்தி. வேலைக்குப் போனால் பிறகு ஆர் மணலுக்குள்ளை குதிக்கிறது?" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தத் தங்கப் பதக்கத்தை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது, முந்தின நாள் இரவு அவள் சோற்றை அளைந்துகொண்டிருந்த விதத்திலேயே தெரிந்தது.

அக்கா தன் மகள் பாய்வதை ஒருதரமும் பார்த்ததில்லை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அவளுக்குச் சனி, ஞாயிறுதான் வேலை. இம்முறை கடைசி என்றபடியால் லீவு எடுத்திருந்தாள். லீவு எடுத்தவள் சும்மா இருப்பாளா? வெள்ளிக்கிழமை கோவிலில் மகள் பேருக்கு அர்ச்சனை செய்தாள். மட்டன் றோல்ஸ் உருட்டிப் பொரித்தாள். எல்லோரும் படுத்தபிறகு மகளுடைய விளையாட்டுப் பையைத் திறந்து, மடித்து அடுக்கி, தன் கையாலேயே மூடியும் வைத்தாள்.

காரை ஓட்டியவர் அத்தான். 401 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். பனி பொழியத் தொடங்கியிருந்தது.

"வழமையா அரை மணித்தியாலம், மச்சாள். இண்டைக்கு ஆண்டவன் விட்டால் ஒரு மணித்தியாலம்" என்றார் அத்தான்.

ஆண்டவன் விட்டார். 9.05க்கு உள்ளே போனோம். நுழைவுச்சீட்டு பத்து டொலர், மணிக்கட்டில் ஒரு பச்சைக் கடதாசிப் பட்டி. கதவைத் தாண்டியதும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். ஒரு முழு ஓட்டப்பாதையையும் கூரை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்! வெளியே முழங்காலளவு பனி, உள்ளே பிள்ளைகள் அரைக் காற்சட்டையோடு ஓடுகிறார்கள். நடுவே குண்டு எறிகிறார்கள், ஒரு பக்கம் கம்பு ஊன்றிப் பாய்கிறார்கள், இடைக்கிடை ஓட்டத்தைத் தொடக்கும் துவக்குச் சத்தம். கால்களில் தேய்த்த நோவெண்ணெய் மணம் மட்டும் நம்மூர்ப் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியை அப்படியே நினைவூட்டியது. நம்மூரிலென்றால் ஓடுகிறவர்களைவிட ஒலிவாங்கியில் கத்துகிறவருக்கு மூச்சு வாங்கும். இங்கே அறிவிப்பாளர் நித்திரைக்குப் போகிறவர்போல் மெல்லப் பேசினார். பார்க்க வந்த பெற்றோரும் ஒரு கலியாண வீட்டுக் கடைசிப் பந்தியளவுதான்.

நீளம் பாய்தல் 10.45க்கு. மணற்குழியை நோக்கிப் போகும் ஓடுபாதையின் ஓரமாக இடுப்பளவு கம்பி வேலி, அதற்கு இந்தப் பக்கம் பார்வையாளர் வாங்குகள். வேலிக்குக் கிட்டவே இடம் பிடித்தோம். தாரணி உடம்பைச் சூடாக்கிவிட்டு வந்து, பையைத் திறந்து, கிண்டினாள். பிறகு கவிழ்த்தாள். துவாய், தண்ணீர்ப் போத்தல், வாழைப்பழம் இரண்டு, வெள்ளைக் கடதாசியில் மடித்த விபூதிச் சரை ஒன்று.

"அம்மா, என்ரை ஸ்பைக்ஸ் எங்கை?"

ஸ்பைக்ஸ் என்பது அடியில் ஆணி வைத்த சப்பாத்து. அது இல்லாமல் அந்தப் பாதையில் வேகமாக ஓடிவந்து பலகையில் ஊன்றினால் கால் வழுக்கும்.

அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "அது... விபூதி வைச்சனான் பிள்ளை. கோவில் விபூதியோடை காலிலை போடுறதை வைக்கிறதோ? அதுதான் எடுத்து மஞ்சள் பையிலை போட்டு வாசலடியிலை வைச்சனான். கையிலை கொண்டு வருவம் எண்டு."

"அம்மா! சீரியஸ்லி?"

அத்தான் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அக்காவை ஏச எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வாசலடிப் பையை நானும் இரண்டு தரம் கடந்துதானே வந்தேன்? மீன் ஏதோ வாங்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

10.20. பயிற்றுநர் ஒரு குழு விடாமல் கேட்டுப் பார்த்துவிட்டார். ஒருத்தியுடையது சிறிது, இன்னொருத்தியுடையது படகு. அத்தான் தொலைபேசியில் வந்தார்: "வீட்டை போற வழியிலை, கீல் வீதி தாண்டி நிக்கிறன். முன்னுக்கு ரெண்டு கார் அடிபட்டுக் கிடக்கு. ஒண்டும் அசையுதில்லை." தாரணி சாதாரணச் சப்பாத்தின் நாடாவை இறுக்கிக் கட்டத் தொடங்கினாள். அழவில்லை. அழுதிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அப்போது நீலச் சட்டை போட்ட நெட்டைப் பெண்ணொருத்தி அவள் முன்னால் வந்து நின்றாள். செம்பட்டை முடி, மூக்கெல்லாம் புள்ளி.

"உன்னுடைய அளவு என்ன?" என்று கேட்டாள்.

"எட்டு."

"எனக்கும் எட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு, தன் காலைக் காட்டினாள். "மாறி மாறிப் போடுவோம்."

அவள்தான் கெய்லா. இரண்டு வருடமாகத் தாரணி முறியடிக்க நினைக்கும் அதே கெய்லா. அவளுடைய பயிற்றுநர் தூரத்திலிருந்து கையை விரித்து ஏதோ சொன்னார். அவள் தோளைக் குலுக்கினாள், அவ்வளவுதான்.

போட்டியில் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் மூன்று பாய்ச்சல், பிறகு முதல் எட்டுப் பேருக்கு இன்னும் மூன்று. முதல் மூன்று சுற்றும் சுகமாகப் போயின. கெய்லா இரண்டாவது ஆள், தாரணி ஏழாவது. கெய்லா பாய்ந்துவிட்டு வந்து ஆறுதலாகக் கழற்றிக் கொடுப்பாள், இவள் போடுவாள். மூன்று சுற்று முடிய முதலிடத்தில் தாரணி, 5.33 மீற்றர். கெய்லா 5.30. அக்கா கையைக் கூப்பிக்கொண்டே இருந்தாள். இடையில் என்னிடம் கேட்டாள்: "உந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் வரேல்லையோ?"

வரவில்லை. குழுவோடு பேருந்தில் ஐந்து மணித்தியாலம் வந்திருக்கிறாள். தகப்பனுக்குச் சுரங்கத்தில் வேலை என்று தாரணி சொன்னாள். அதைக் கேட்டதும் அக்கா கெய்லாவின் பாய்ச்சலுக்கும் கைதட்டத் தொடங்கிவிட்டாள். மட்டன் றோல்ஸ் ஒன்றையும் வேலிக்கு மேலால் நீட்டினாள். கெய்லா அதை மணந்து பார்த்து, முடிந்தபிறகு சாப்பிடுகிறேன் என்று தன் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

சிக்கல் நான்காம் சுற்றில் வந்தது. கடைசி மூன்று சுற்றிலும் ஒழுங்கு மாறும். குறைவாகப் பாய்ந்தவர் முதலில், முன்னணியில் நிற்பவர் கடைசியில். அதாவது கெய்லா பாய்ந்தவுடன் அடுத்தவள் தாரணி. மணலைச் சமப்படுத்தி, பெயரைக் கூப்பிட்டதும் மணிக்கூடு ஓடத் தொடங்கும். ஒரு நிமிடத்துக்குள் பாயவேண்டும். கெய்லாவின் நாடா முடிச்சு இறுகிவிட்டது, சப்பாத்துக்குள் மணல், தாரணி ஒரு காலை அரைகுறையாகக் கட்டிக்கொண்டு ஓடி, பலகையைத் தாண்டி மிதித்தாள். சிவப்புக் கொடி. பாய்ச்சல் செல்லாது.

அடுத்த சுற்றில் கெய்லா மணலிலிருந்து வந்து வேலியோரம் குந்தியதும், அக்கா கம்பிகளுக்கிடையால் இரண்டு கையையும் விட்டு அவளுடைய வலது காலைப் பிடித்தாள்.

"நீ இடக்காலைப் பாரடி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

நான் கனடாவுக்கு வந்தது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் சப்பாத்துக் கழற்றவா என்று யோசிக்க நேரமில்லை. குந்தியிருந்து இழுத்தேன். அக்கா தன் பக்கத்தைக் கவிழ்த்து மணலைத் தட்டி, உள்ளே விரலை விட்டுத் துடைத்து, தாரணியின் காலில் மாட்டிக் கட்டினாள். வெள்ளைத் தொப்பி போட்ட வயதான நடுவர் ஒருவர் கிட்ட வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"உங்கள் கால்கள் வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கவேண்டும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "கைகளைப் பற்றி விதியில் ஏதாவது இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை" என்று சொல்லிவிட்டு, முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சுற்றில் தாரணி 5.36 பாய்ந்தாள்.

12.10. கடைசிச் சுற்று. கெய்லா பாதையின் தொடக்கத்தில் நின்று இரண்டு தரம் தொடையைத் தட்டிவிட்டு ஓடி வந்தாள். கால் பலகையில் பட்ட சத்தமே வேறாக இருந்தது. 5.42. முதலிடம் கைமாறிவிட்டது. இனி அவளைத் தாண்டக்கூடியவள் தாரணி ஒருத்திதான், அதுவும் ஒரே ஒரு பாய்ச்சலில், அதுவும் அவளுடைய சப்பாத்தில்.

கெய்லா கொஞ்சம் ஆறுதலாக நடந்து வந்திருக்கலாம். மணலைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளையோ குழியிலிருந்து வெளியே வரும்போதே குனிந்து ஒரு சப்பாத்தை இழுத்துக் கழற்றி, மற்றக் காலால் கெந்திக் கெந்தி ஓடி வந்தாள். "கெதியாக, கெதியாக" என்று கத்தினாள். தன் குழு கட்டிப்பிடிக்க வந்ததைக்கூடக் கையால் விலக்கினாள். எனக்கு அந்த இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது, நாடா தெரியவில்லை. இடக்கால் முடிச்சை அவளேதான் அவிழ்த்தாள்.

தாரணி ஓடினாள். நல்ல ஓட்டம். பலகையிலும் சரியாகப் பட்டது. காற்றில் கொஞ்ச நேரம் நின்றாள் என்றே எனக்குத் தோன்றியது. வெள்ளைக் கொடி எழும்பியது. அளந்தார்கள்.

5.40.

"ரெண்டு சென்ரிமீற்றர் எவ்வளவு?" என்று அக்கா கேட்டாள். நான் விரலால் காட்டினேன். அக்கா வாங்கில் தொப்பென்று இருந்துவிட்டாள். "என்ரை பிழை. என்ரை பிழைதான்."

தாரணி வேலிக்கு மேலால் எட்டி அவளைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, இஞ்சை பாருங்கோ. நான் லைஃப்லையே இவ்வளவு தூரம் பாய்ஞ்சதில்லை. பெர்சனல் பெஸ்ட், அம்மா!" அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. எந்தக் கண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

12.35க்கு அத்தான் வந்தார். தலையெல்லாம் பனி. மஞ்சள் பையை உயர்த்திப் பிடித்தபடி அரங்கின் ஒரு கோடியிலிருந்து, "வந்திட்டுது! வந்திட்டுது!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அன்றைய நாளின் மிகப் பெரிய கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. கெய்லா மட்டன் றோல்ஸ் கடித்து, உறைப்பில் மூக்கு உறிஞ்சிக்கொண்டு, இன்னொன்று கேட்டாள். அக்கா விபூதிச் சரையைப் பிரித்து மகளுக்குப் பூசினாள். கெய்லாவும் தலையைக் குனிந்தாள். தங்கப் பதக்கத்துக்கு மேடை ஏறியபோது அவள் நெற்றியில் அந்த வெள்ளைக் கீறு நன்றாகத் தெரிந்தது.

நம்மூர் இல்லப் போட்டியில், கயிறடிக்கும்போது அயல் இல்லத்துக்காரியின் கயிறு அறுந்தால் எங்கள் கூடாரத்தில் கூக்குரல் போட்டுக் கொண்டாடுவோம். நானும் போட்டிருக்கிறேன், அதில் ஒரு சுகமும் உண்டு. இங்கே பார்த்ததைப் பாடமாக யாருக்கும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கெந்தி ஓடி வந்த அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

அடுத்த வியாழக்கிழமை எனக்கு விமானம். பெட்டி இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று அக்காவே அடுக்கினாள். என் மகளுக்கென்று தாரணி வாங்கிய ஓட்டச் சப்பாத்து, தேநீர்ப் பெட்டிகள், பக்கத்து வீட்டாருக்குச் சொக்கலேற். நான் பெட்டியை மூடப்போகையில்தான் நினைவு வந்தது.

"அக்கா, கோவில் விபூதி கொஞ்சம் தாறன் எண்டனீங்கள். எங்கை?"

"வைச்சிட்டன்."

"எதுக்குள்ளை?"

அக்கா பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து அமத்தினாள். "சப்பாத்துக்குள்ளை. ரெண்டும் ஒண்டாக் கிடக்கட்டும்."